காற்று வரும் பக்கம்

ஆட்டோ திருக்கழுக்குன்றத்தைத் தொடுவதற்குள் நைனாவுக்கு மூச்சு திரும்பிவிட்டது. அதுதான் மகன் ரூபனுக்குப் புரியவில்லை.

புதுப்பட்டினத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் இரண்டு கைகளையும் கட்டில் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, தோள்பட்டை காதுவரை ஏற, ஒவ்வொரு மூச்சையும் ஆழக் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தார். ஆட்டோ ஓட்டும் கோதண்டராமனும் அவனும் தூக்கித்தான் ஆட்டோவில் உட்காரவைத்தார்கள். இப்போது பார்த்தால் சாய்ந்து உட்கார்ந்து, முன்னால் போகிற லாரியைத் திட்டிக்கொண்டு வருகிறார்.

"இன்டிகேட்டர் போடாம திரும்பறான் பாரு. இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

கோதண்டராமன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "இன்னா ரூபா, வண்டிய திருப்பிடட்டுமா? அண்ணாத்த பேச ஆரம்பிச்சிட்டாரு."

"ஓட்டுண்ணா. டாக்டர் இன்னிக்கு வரச் சொல்லிகீறாங்க."

"எனக்கு ஒண்ணு தோணுது. முப்பது வருசம் டவுன்ஷிப்புக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுன ஒடம்பு இது. ஷெட்டுல போட்டா எப்டி ஸ்டார்ட் ஆவும்? ரோட்டுல ஏத்துனாதான் ஆவும்."

ரூபனுக்கும் ஒருவேளை அப்படித்தானோ என்று தோன்றியதுண்டு. அதைவிட மோசமாகவும் தோன்றியிருக்கிறது: நைனா வேண்டுமென்றே செய்கிறாரோ? வீட்டுக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் நடிக்கிறாரோ? அப்படி நினைத்ததற்கு அவனே தலையில் குட்டிக்கொள்வான். நுரையீரலில் கட்டி பரவிக் கிடக்கிற மனுஷன் நடிப்பாரா என்ன?

தேரடித் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் வழியை மறித்தது. ஆட்டோ நின்றது. கொஞ்ச நேரத்தில் நைனாவின் தோள்பட்டை மறுபடி ஏற ஆரம்பித்தது. ஜெனரேட்டர் புகைதான் காரணம் என்று ரூபன் தன் துண்டால் அவர் மூக்கை மூடினான். அவர் அதைத் தட்டிவிட்டார். ஊர்வலம் விலகி வண்டி வேகமெடுத்ததும் தோள் இறங்கியது.

செங்கல்பட்டில், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதும் அவருக்கு மூச்சு சீராகவே இருந்தது. இளவயசு டாக்டரம்மா விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள். இரத்தத்தில் ஆக்ஸிஜன் போதிய அளவு இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கிறது. ரூபன் வீட்டிலும் ஒரு கருவி வாங்கி வைத்திருந்தான். மூச்சு முட்டி அவர் தவிக்கும்போதும் அது கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும்.

டாக்டரம்மா அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"இனிமே இவரை அலைக்கழிக்காதீங்க. நாடி ரொம்பத் தளர்ந்துபோச்சு. மார்ஃபின் மாத்திரையை விடாம குடுங்க, அது மூச்சுத் திணறலுக்கும்தான். இன்னிக்கோ நாளைக்கோ... யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடுங்க."

திரும்பும் வழியில் கடம்பூர்ப் பக்கம் வயல்காற்று அடித்தது. நைனா ரூபனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"டேய் ரூபா. எனக்கு சாவறதுக்கு பயமில்ல. ஆண்டவராண்ட போறதுக்கு இன்னா பயம்? இந்த முட்டல்தான்டா. தண்ணிக்குள்ள புடிச்சி அமுத்தறாப்புல கீது. அப்டி மட்டும் வேணாம். எதுனா பண்ணு."

"பண்றேன் நைனா."

சொல்லிவிட்டான். என்ன பண்ணுவது என்றுதான் தெரியவில்லை.

ரூபன் ஏசி மெக்கானிக். 'வீட்ல ஓட மாட்டேங்குது, நீங்க வந்தா ஓடுது' என்கிற புகார் அவனுக்குப் புதிதல்ல. அப்படி யாராவது சொன்னால் அவன் மெஷினைப் பிரிக்க மாட்டான், வீட்டைப் பார்ப்பான். வோல்டேஜ் இறங்குகிறதா, பிளக் தளர்ந்திருக்கிறதா, வெளி யூனிட்டுக்கு முன்னால் யாராவது துணி காயப் போட்டிருக்கிறார்களா என்று. மெஷின் சரியாக இருக்கும். இடம் சரியில்லாமல் இருக்கும். பாதிக் கேஸ் அப்படித்தான்.

நைனா விஷயத்திலும் அவன் இடத்தைத்தான் முதலில் சரிசெய்தான். அவர் படுத்திருக்கும் அறைக்கு நல்ல நிலையிலிருந்த ஒரு பழைய ஏசியைக் கொண்டுவந்து மாட்டினான். கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் கொண்டுவந்துவிடும் என்று ஜன்னல் இடுக்கையெல்லாம் பசை பீய்ச்சி அடைத்தான். ஏசியின் வாயை மேல்நோக்கித் திருப்பி வைத்தான். குளிர்ந்த காற்று கனமானது. கூரையை ஒட்டிப் போய், எதிர்ச்சுவரில் முட்டி, தானாகக் கீழே இறங்கி அறையை நிரப்பும். யார் மேலும் நேராக அடிக்காது. அறை குளிர வேண்டும், காற்று வருவதே தெரியக்கூடாது. அதுதான் நல்ல வேலை. நோயாளி அறை என்றால் இன்னும் கவனம். அம்மா லீதியாளும் தன் பங்குக்கு அவருக்குக் குரங்குக் குல்லா மாட்டி, கழுத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருந்தாள். காற்று பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று அவளுக்குப் பயம்.

அவ்வளவு செய்தும் அந்த அறையில்தான் அவருக்கு முட்டுகிறது.

வீட்டுக்கு வந்து படுக்கவைத்துக் கொஞ்ச நேரத்தில் அது மறுபடி தொடங்கியது. மார்ஃபின் மாத்திரை கொடுத்தும் பாதிதான் அடங்கியது. விஷயம் கேள்விப்பட்டு சர்ச் போதகரான ஐயர் வந்துவிட்டார். அவருடன் சபைப் பெண்கள் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நெருக்கி நின்று ஜெபம் பண்ணினார்கள். அறையில் கால் வைக்க இடமில்லை. நைனாவின் கண்கள் ஒவ்வொரு முகமாகத் தாவின. கை படுக்கை விரிப்பைக் கசக்கியது.

அத்தை பாப்பா, நைனாவின் அக்கா, வாசற்படியில் நின்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள்.

"நர்சு படிச்ச பொண்ண பெத்து வெச்சிகீறான். இன்னா புண்ணியம்? பெத்த அப்பன் இங்க இழுத்துகினு கெடக்கான், அது ஆப்பிரிக்காவுல எவனுக்கோ பீ வாரிகினு கீது."

"சும்மா இரு அண்ணி," என்றாள் அம்மா.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? ஊழியமாம் ஊழியம். இந்த வூட்ல செய்ய ஊழியம் இல்லியா?"

அத்தை சொன்னதையேதான் ரூபனும் பத்து மாதத்துக்கு முன்னால் சொன்னான், இன்னும் கெட்ட வார்த்தையில். தங்கை கெசியா நர்சிங் முடித்ததும் சென்னையில் நல்ல வேலை கிடைத்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருச்சபை இளைஞர்களை ஓராண்டுத் தொண்டுக்கு அனுப்பும் திட்டமொன்றில் பெயர் கொடுத்து, உகாண்டாவில் ஒரு மலையூருக்குப் போனாள். நோய் முற்றி, இனிப் பிழைக்க மாட்டாதவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. சம்பளம் கிடையாது, சாப்பாடும் படுக்கையும்தான். வழியனுப்ப ரூபன் விமான நிலையத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை.

நைனாவுக்கு நோய் என்று தெரிந்தது அதற்கு அப்புறம்தான். "அவளாண்ட சொல்லாதீங்க. சொன்னா பாதியில வந்துடுவா," என்றார். அம்மா அழுதுகொண்டே ஒத்துக்கொண்டாள். ரூபன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஒத்துக்கொண்டான்.

உள்ளே நைனா, "முட்டுது... முட்டுது..." என்று சொல்லும் சத்தம் கேட்டது.

அவன் வீட்டுக்குப் பின்பக்கம் போய், ஓடிக்கொண்டிருந்த வெளி யூனிட்டுக்குப் பக்கத்தில் நின்று, தங்கைக்குப் போன் போட்டான்.

"அண்ணா?" என்றாள். எத்தனையோ மாதம் கழித்து அந்தக் குரல். அவன் கூப்பிடுகிறான் என்பதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. "நைனாவா?"

சொன்னான். கட்டி, மாத்திரை, டாக்டரம்மா இன்று சொன்னது எல்லாம். சொல்லி முடித்தபின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு தகரத் தட்டைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், கத்துவாள் என்று அவன் காத்திருந்தான்.

"அழுவறதுக்கு அப்பறம் நேரம் கீது," என்றாள் கெசியா. மூக்கை உறிஞ்சினாள். "இத மட்டும் சொல்லு. எப்ப அவுருக்கு நல்லா கீது?"

"ஆட்டோவுல."

"இன்னாது?"

"ஆட்டோவுல ஏத்துனா செரியாயிடுது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள கத பேச ஆரம்பிச்சிடறாரு. வூட்டுக்கு வந்தா மறுபடி முட்டுது. கோதண்டம் அண்ணா சொல்றாரு, டிரைவரா இருந்தவரு, அதனாலன்னு."

"ஏறி ஒக்காந்த ஒடனே செரியாவுதா, வண்டி கெளம்புன பெறகா?"

ரூபன் யோசித்தான். தேரடித் தெருவும் கல்யாண ஊர்வலமும் ஞாபகத்துக்கு வந்தன. "கெளம்புன பெறகுதான். நடுவுல வண்டி நின்னா மறுபடி முட்டுது."

"அப்ப வண்டி இல்லண்ணா. ஆட்டோவுக்குக் கதவு கெடையாது இல்ல? காத்து."

"காத்தா? ரூம்ல ஏசியே போட்டு வெச்சிகீறேன்."

"ஏசி காத்து அவுரு மூஞ்சில படுதா?"

"படவே படாது. படாத மாதிரி பாத்து பாத்து மாட்டிகீறேன்." பெருமையாகத்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

கெசியா நிதானமாக விளக்கினாள். சின்ன வயதில் அவன் அவளுக்கு சைக்கிள் செயின் மாட்டக் கற்றுக்கொடுத்த அதே நிதானம். மூச்சு முட்டுகிறது என்பது நுரையீரலில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும். ஆனாலும் கெட்டுப்போன நுரையீரல் 'பத்தவில்லை, பத்தவில்லை' என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூளை அதை நம்பி அலறும். ஆனால் கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் ஒரு நரம்பு ஓடுகிறது. அதன் மேல் காற்று ஓடினால், அது வேறு சேதி அனுப்பும்: காற்று வருகிறது, பயப்படாதே என்று. அந்த இரண்டாவது சேதி கிடைத்ததும் மூளை கொஞ்சம் அடங்கும். குளிர்ந்த அறை போதாது. காற்று நகர வேண்டும். முகத்தில் பட வேண்டும்.

"இங்க பாதி நாள் கரண்ட் கெடையாது," என்றாள். "அட்டையால வீசுவோம். வந்த மொத வாரம் எனக்குக் குடுத்த வேலையே ஒரு தாத்தாவோட கன்னத்துக்கு அட்டை வீசறதுதான். இதுக்கா நர்சு படிச்சோம்னு ராத்திரி ஒக்காந்து அழுதேன். அப்பறம் பாத்தா அந்த தாத்தா தூங்கறாரு. மூணு நாளா தூங்காதவரு. மாத்திரைய நிறுத்தாத. அதோட சேத்து காத்தயும் குடு. ஜன்னல தெற. போண்ணா. வீடியோல வரேன்."

ரூபன் உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரால் ஜன்னல் இடுக்கிலிருந்த பசையைக் குத்திப் பிய்த்தான். அவன் அடைத்தது லேசில் வரவில்லை, நல்ல வேலை. கதவு திறந்ததும் கடற்காற்று உள்ளே வந்தது. ஏசியை நிறுத்தினான். கூடத்திலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா பண்ற?" அத்தை குறுக்கே வந்தாள். "ஜன்னி கண்டுடும்டா, பாவி!"

"கெசியா சொன்னா."

"அது எங்கியோ ஒக்காந்துகினு சொல்லும். நீ கேப்பியா?"

லீதியாள் குனிந்து, கணவரின் மஃப்ளரை அவிழ்த்தாள். குல்லாவைக் கழற்றி, வியர்த்து ஒட்டியிருந்த முடியை விரலால் கோதிவிட்டாள். அதற்குமேல் அத்தையால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"ஐயரே," என்றான் ரூபன், "கோவிச்சிக்காதீங்க. எல்லாரும் அந்தச் சுவரோரமா நின்னு ஜெபம் பண்றீங்களா? இந்தப் பக்கம் காத்து வரணும்."

"தாராளமா," என்றார் ஐயர், வேதப்புத்தகத்தை மூடியபடி. "ஆண்டவருக்கு எந்தப் பக்கமும் கேக்கும். வாங்கம்மா எல்லாரும்."

முதலில் ஃபேனை நேர் எதிரே வைத்தான். நைனா கண்ணைச் சுருக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கவாட்டில் நகர்த்தினான், காற்று தலையணையில்தான் பட்டது. கீழே இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, தலையை ஆட்டும் பொத்தானை நிறுத்தி, வேகத்தைக் குறைத்தான். இப்போது காற்று கன்னத்தில் ஏறி மூக்கைக் கடந்து போயிற்று. அவரது காதோர நரைமுடி ஒரே சீராக அசைந்தது.

கெசியா போன் திரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கை விரிப்பை விட்டது. பிறகு தோள்பட்டை, கொஞ்சம் கொஞ்சமாக, காதிலிருந்து கீழே இறங்கியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி உண்டாயிற்று. நைனா கண்ணைத் திறந்து ஃபேனைப் பார்த்தார். பிறகு ரூபனைப் பார்த்தார்.

"அப்பாடா," என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரூபன் போனை அவர் முகத்தருகே காட்டினான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அங்க எத்தினி பேரு?" என்றார்.

"பதினெட்டு பேரு நைனா."

"பாத்துக்க அவுங்கள."

"செரி நைனா."

அவ்வளவுதான் பேசினார்கள். போனை ஸ்டெபிலைசர் மேல் சாய்த்துவைத்தான். அங்கே மணி அடித்தது. கெசியா யாரையோ புரட்டிப் படுக்கவைக்கப் போனாள். திரையில் வெள்ளைச் சுவரும் ஒரு கொசுவலையும் மட்டும் தெரிந்தன. திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.

சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் போகும் நேரம். மூச்சின் இடைவெளிகள் நீண்டுகொண்டே வந்தன. கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதைக் காதாலேயே கணக்கிடுகிறவன் ரூபன். அறை போதிய அளவு குளிர்ந்துவிட்டால் அது நிற்கும். தேவைப்பட்டால் திரும்ப ஓடும். தேவை குறையக் குறைய நிற்கும் நேரம் அதிகமாகும். அவன் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மூச்சு. நீண்ட நிறுத்தம். இன்னொரு மூச்சு, மெதுவாக, அவசரமே இல்லாமல். அடுத்ததற்காகக் காத்திருந்தான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முடி அசைந்துகொண்டிருந்தது. அடுத்தது வரவில்லை.

திரையில் கெசியாதான் முதலில் தலை குனிந்தாள்.

அத்தை தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் நிமிர்ந்து ரூபனைக் கேட்டாள். "முட்டலியேடா? என் தம்பி முட்டாமதானே போனான்?"

"முட்டல அத்த."

"பாத்தேன்டா. நானும் பாத்துகினுதான் இருந்தேன்." திரையைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இரு, பொண்ணே," என்றாள்.

மறுநாள் பகல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். டவுன்ஷிப்பிலிருந்து பழைய டிரைவர்கள் வந்திருந்தார்கள். கோதண்டராமன் ஆட்டோவைக் கழுவிக் கொண்டுவந்து அம்மாவை ஏற்றிப்போனான். மண் போட்டு வீட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு வசந்தா இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்து வைத்தாள். ரூபன் உட்கார்ந்தான். பல வாரங்களாகச் சாப்பாடு எப்படி இறங்குகிறது என்றே அவனுக்குத் தெரிந்ததில்லை. இப்போது வசந்தா வைக்க வைக்கத் தின்றான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தின்றான். அம்மா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

சூரியன் இறங்கும் நேரத்தில் போன் வந்தது.

"எல்லாம் முடிஞ்சிதா?" என்றாள் கெசியா.

"முடிஞ்சிது. அம்மா தூங்குது. நீ சாப்ட்டியா?"

"இனிமேதான். இங்க ஒருத்தரு, ஜோசப்புன்னு பேரு. நைனா வயசுதான் இருக்கும். காலையிலேர்ந்து முட்டுது. கரண்ட் வேற இல்ல. ஆள் மாத்தி ஆள் அட்டை வீசிகினு கீறோம். கை வுட்டுப்போச்சுண்ணா."

ரூபன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அங்க பழைய கம்ப்யூட்டரு எதுனா கீதா?"

"ஆபீசுல ஒண்ணு ரிப்பேராகி கெடக்குது. ஏன்?"

"வூடு வூடா போறதுக்கு பைக்கு இருக்கும் இல்ல? பேட்டரி?"

"கீது."

"செரி. கம்ப்யூட்டரு பொட்டிய தெற. பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபேன் இருக்கும். நாலு ஸ்க்ரூ. கழட்டு. அதுவும் பன்னண்டு வோல்ட்டு, பைக் பேட்டரியும் பன்னண்டு வோல்ட்டு. செவப்பு ஒயர பிளஸ்ல சுத்து, கறுப்ப மைனஸ்ல. மஞ்ச ஒயரு ஒண்ணு இருந்தா அத உட்டுடு, அது வேகம் சொல்றதுக்கு. பேட்டரி ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு தொடக்கூடாது, அத மட்டும் பாத்துக்க."

அவள் போனைக் கீழே வைத்தாள். காலடிச் சத்தம் போயிற்று. புரியாத மொழியில் யாரோ கேட்க, அவள் ஏதோ சொன்னாள். யாரோ சிரித்தார்கள். தகரம் திறக்கும் ஓசை, ஸ்க்ரூ ஒன்று தரையில் உருண்ட ஓசை. ரூபன் காதை எடுக்காமல் காத்திருந்தான். வெகுநேரம் கழித்து, தேனீ ரீங்கரிப்பதுபோல மெல்லிய சத்தம் ஒன்று தொடங்கி நிலைத்தது.

"சுத்துதுண்ணா! ஆனா அவுருக்கு காத்து வரலியே."

"ஸ்டிக்கர் ஒட்டிகீற பக்கந்தான் காத்து வரும். அந்தப் பக்கத்த அவுரு கன்னத்துக்குத் திருப்பி, ஒரு மொழம் தள்ளி வை."